எதிலிருந்து தொடங்குவது?

வாசகர் இருவர் நூல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நூலின் நயத்தைவிட முந்திக்கொண்டு வருவது ஒரு கேள்வி: "அவர் எழுதியவற்றுள் எதை முதலில் படிக்கலாம்?" கேட்பவர் போகிற போக்கில் கேட்கிறார், சொல்பவரும் தமக்கு நினைவில் நிற்கும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். சமூகப் புதினங்களைப் பொறுத்தவரை இதனால் பெருங்கேடு ஒன்றும் விளைவதில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அங்கே இருப்பது நாம் அறிந்த தெருவும் அறிந்த மனிதரும்தாம். ஃபேண்டஸி என்று வழங்கும் விந்தைப் புதினத்தின் நிலை வேறு. அங்கே ஆசிரியர் ஓர் உலகையே ஆக்கி வைத்திருக்கிறார். அதற்குத் தனி வரலாறும், சில வேளைகளில் தனி மொழியுமே உண்டு. எந்த வாசல் வழியாக நுழைகிறோமோ அதைப் பொறுத்தே அவ்வுலகம் நமக்கு உயிருள்ளதாகவோ வெறும் பெயர்ப் பட்டியலாகவோ தோன்றும். ஆகவே "இதிலிருந்து தொடங்குங்கள்" என்று சொல்பவர், தாம் அறியாமலே ஒரு திறனாய்வுத் தீர்ப்பை வழங்கிவிடுகிறார்.

சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா நூல்களைப் பற்றிய பழைய வழக்கு இதற்கு நல்ல சான்று. 1950 முதல் 1956 வரை ஏழு நூல்கள் வந்தன. முதலில் வெளிவந்தது சிங்கமும் சூனியக்காரியும் அலமாரியும் பற்றிய கதை. நார்னியா உண்டான வரலாற்றைச் சொல்லும் 'மந்திரவாதியின் மருமகன்' 1955-இல்தான் வந்தது. 1994-க்குப் பின்னர் வந்த பதிப்புகள் பலவற்றில் கதைக்கால வரிசைப்படி எண் இடப்பட்டு, படைப்பின் கதை முதல் நூலாகிவிட்டது. லூயிஸ் உயிரோடிருந்தபோது ஒரு சிறுவன் இதே கேள்வியை எழுதிக் கேட்க, கதைக்கால வரிசை தமக்கும் உகந்ததே என்றும், எனினும் வரிசை அவ்வளவு முக்கியமன்று என்றும் அவர் மறுமொழி எழுதினார். ஆசிரியரே சொன்னாலும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் நூலில் ஒரு சிறுமி அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டில் வெளிவருகிறாள். நடுக்காட்டில் ஒரு தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்று அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்த அறியாமையே அந்தக் காட்சியின் ஒளி. விளக்கத்தை முதலில் படித்துவிட்டு வருபவனுக்கு அது வெறும் விளக்குக் கம்பம்.

ஜே. ஆர். ஆர். டோல்கீனிடம் இதே பிழை இன்னும் பெரிதாக நேரும். அவர் 1973-இல் மறைந்த பின், மகன் கிறிஸ்டோபர் 1977-இல் பதிப்பித்த 'சில்மரில்லியன்' உலகப் படைப்பிலிருந்து தொடங்குகிறது. தொடக்கநூலிலிருந்து விவிலியத்தைப் படித்துப் பழகிய நம்மவர்க்கு, இதையே முதலில் எடுப்பது முறையாகத் தோன்றலாம். எடுத்தவர்களில் பலர் ஐம்பது பக்கத்தைத் தாண்டியதில்லை. 1954, 1955 ஆண்டுகளில் வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்று தொகுதிகளே பெரும்புகழ் பெற்றவை என்பதால் அவற்றையே நேராகக் கையில் கொடுப்போரும் உண்டு. இரண்டுமன்றி, 1937-இல் சிறுவர்க்கென வெளிவந்த 'தி ஹாபிட்' நூலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பேன். எளிமை மட்டும் இதற்குக் காரணமன்று.

அந்நூலில் பில்போ என்னும் குள்ளன் இருண்ட குகையொன்றில் கோல்லம் என்னும் இழிந்த உயிரைச் சந்தித்து விடுகதைப் போட்டியிடுகிறான். 1937-ஆம் ஆண்டுப் பதிப்பில் தோற்ற கோல்லம் நாணயமாக நடந்து வழிகாட்டுகிறது. பின்னர்ப் பெருங்கதையை எழுதிய டோல்கீன், அதற்கு ஏற்ப இந்த அதிகாரத்தைத் திருத்தி எழுதினார். 1951-இல் வந்த பதிப்பில் அது இடம்பெற்றது. திருத்திய கதையில், கையில் வாளோடும் கண்ணுக்குத் தெரியாத நிலையிலும் நிற்கும் பில்போ, அந்த உயிரைக் கொன்றுவிட்டுத் தப்பலாம். அப்போது அதன் தனிமையும் இருளும் அவன் மனத்தில் தைக்க, கொல்லாமல் தாண்டிப் போகிறான். இந்த ஒரு கணத்து இரக்கம்தான் மூன்று பெருந்தொகுதிகளின் முடிவைத் தாங்கி நிற்கிறது. இறுதியில் கணையாழியை நெருப்பிலிட வேண்டிய ஃப்ரோடோவின் மன உறுதி குலைந்துபோகிறது. அன்று உயிர்ப்பிச்சை பெற்ற கோல்லத்தின் வழியாகவே அது அழிகிறது. இரக்கத்தை நேரில் காணாதவன் அதன் விளைவை மட்டும் கண்டால், அதைத் தற்செயல் என்றே கொள்வான்.

டோல்கீன் கத்தோலிக்கர் என்பதை நம்மில் பலர் அறிவர். தாய் 1900-இல் மதம் மாறி, 1904-இல் மறைந்தபின், பர்மிங்காமைச் சேர்ந்த குரு ஒருவரின் பொறுப்பில் வளர்ந்தவர் அவர். தம் பெருங்கதை அடிப்படையில் சமயம் சார்ந்தது, கத்தோலிக்கம் சார்ந்தது என்று 1953-இல் இயேசு சபையைச் சேர்ந்த ஒருவருக்கு எழுதினார். ஆயினும் நூலுக்குள் கோவிலும் வழிபாடும் காணோம்! கணையாழி அழிந்த நாள் மார்ச்சு 25 என்று குறித்திருப்பதைக் கண்டு, ஆண்டவரின் பிறப்பு அறிவிக்கப்பட்ட பெருவிழாவை நினைவுகூர்பவர் மட்டும் புன்னகை செய்துகொள்ளலாம். மந்திரம் வரும் கதையா என்று அஞ்சும் பெற்றோர்க்கு இந்நாளைப் பற்றிச் சொல்வதைவிட, அந்தக் குகையைப் பற்றிச் சொல்வது மேல் என்பது என் கருத்து.

'தி ஹாபிட்' நூலின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு செய்தி உண்டு. அமிர்தியை என் நினைவுக்குக் கொண்டுவந்தது அதுதான். நெடும்பயணம் முடிந்து பில்போ வீடு திரும்புகிறான். வாசலில் கூட்டம். அவன் இறந்துவிட்டதாக முடிவு செய்து அவன் பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். தான் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க அவன் படும் பாடு சிரிப்புக்குரியது. தன் பொருள்கள் பலவற்றைத் தானே விலைகொடுத்து வாங்குகிறான். வெள்ளிக் கரண்டிகள் திரும்பவே இல்லை.

வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கி.மீ. சென்றால் அமிர்தி. அருவியும் சிறு உயிரியல் பூங்காவும் காண வருவோர் பொழுது சாயுமுன் திரும்பிவிடுவர். அங்கிருந்து மேலேறும் ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்களைப் பற்றிய தோற்றக் கதை ஒன்று வடஆர்க்காடு மாவட்ட ஆவண நூலில் பதிவாகி, எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இடம்பெற்றுள்ளது.

கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். இகழ்ந்து மறுக்கவே, கன்னியர் எழுவரைக் கவர்ந்து சென்றனர். மீட்கப் புறப்பட்ட ஆடவர் எழுவர் தம்முடன் ஏழு நாய்களையும் கொண்டு சென்றனர். நாய்கள் மட்டும் தனித்துத் திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கொண்டு ஈமக்கடன் செய்துவிடுமாறு மனைவியரிடம் சொல்லியிருந்தனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரும்பாடுபட்டுக் கரையேறினர். நாய்களோ பாதி ஆறு நீந்தி, திரும்பிக் காஞ்சிக்கே போய்விட்டன. வேடரை வென்று வீடு திரும்பிய எழுவரும் கண்டது, தாலி அறுத்த தம் மனைவியரை. சடங்கு முடிந்துவிட்டது. இறந்தவர் இறந்தவரே. குலத்தில் இடமிழந்த அவர்கள் வேடர் குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்து வாழ்ந்தனர் என்பது கதை.

பில்போவுக்கு நேர்ந்ததும் இவர்களுக்கு நேர்ந்ததும் ஒன்றே. ஆங்கிலக் கதையில் அது கரண்டிக் கணக்காகிச் சிரிக்க வைக்கிறது. நம் மலைக்கதையில் ஓர் இனத்தின் பிறப்பாகிறது. டோல்கீனே பின்னர் இச்சிரிப்பைத் துறந்தார் என்பதையும் காண்க: ஃப்ரோடோ காத்த நாடு அவனை மறுக்கவில்லை, ஆனால் அவன் புண் ஆறவில்லை, ஊரில் வாழ இயலாமல் கப்பலேறுகிறான். காணாமற்போனவன் திரும்பிய நாளில் விருந்து வைத்த லூக்கா நற்செய்தித் தந்தையைக் கேட்டுப் பழகிய செவிக்கு, காஞ்சியின் மூடிய கதவு எப்படி ஒலிக்கும்? அங்கே தந்தை ஓடிவந்து தழுவினார். இங்கே முறைமை குறுக்கே நின்றது.

நூற்பரிமாற்றம் என்கிறோம். பரிமாற்றம் என்றால் இருபுறமும் கைமாற வேண்டும். நகரத்திலிருந்து மலைக்குப் போகும் நூல்களின் பட்டியல் நம்மிடம் உண்டு. மலையிலிருந்து நாம் வாங்கிக்கொண்டது என்ன? 'எர்த்ஸீ' நூல்களை எழுதிய அர்சுலா லெ குவினைத் தொடங்க விரும்புவோர் 1968-இல் வந்த முதல் நூலையே எடுக்கலாம். அதன் நாயகன் நம்மைப் போல மாநிறத்தவன். அவர் தந்தை ஆல்ஃபிரட் குரோபர், கலிபோர்னியப் பழங்குடியினரின் மொழிகளையும் கதைகளையும் வாழ்நாளெல்லாம் கேட்டுப் பதிவுசெய்த மானிடவியலர். கேட்கும் வழக்கம் இருந்த வீட்டிலிருந்து அந்தக் கற்பனை எழுந்தது என்பதை மறக்கலாகாது.

தமிழில் மட்டும் படிப்போர்க்கு வாசல்கள் குறைவு என்று சொல்வதில் பாதிதான் உண்மை. பாரதியாரின் 'ஞானரதம்' (1910) திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பட்டுக் கந்தர்வ லோகம் வரை சென்று மண்ணுக்கே மீள்கிறது. சற்றுத் தளர்ந்த நூல்தான், ஆனால் வழி திறந்த நூல். புதுமைப்பித்தனிடம் 'கபாடபுரம்' கதையைக் காட்டிலும் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' முதலில் வருவதே நன்று. விந்தை நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தால் என்னாகும் என்பதை அதைவிடக் கூர்மையாகச் சொன்னவர் இல்லை. ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) நூலைப் புதியவர் கையில் கொடுத்து அச்சுறுத்த வேண்டாம். சிறுவர்க்கான 'பனிமனிதன்' இருக்கிறது. பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாகி 1981-இல் க்ரியா வெளியிட்ட 'குட்டி இளவரசன்', எவர்க்கும் எந்த வயதிலும் முதல் நூலாகத் தகும். ஹாரி பாட்டரும் 2012-இல் தமிழுக்கு வந்துவிட்டான். நம் வீரமாமுனிவரையும் விட்டுவிடக் கூடாது: ஆற்றைக் கடந்தபின் தன்னை எண்ண மறந்து, ஒருவர் வெள்ளத்தில் போய்விட்டார் என்று அழும் பரமார்த்த குருவின் சீடர்கள், பாலாற்றுக் கதைக்கு எதிர்க்கரையில் நிற்கும் கோமாளிகள் அல்லவா?

ஒரு தடையை இங்கே எதிர்கொள்ள வேண்டும். மலையாளி மக்கள் தம் தோற்றமாகக் கொள்ளும் வரலாற்றை விந்தைப் புதினத்தோடு ஒருங்கு வைப்பது முறையா? முழுதும் முறையன்று. அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அன்று. தாம் யார் என்பதற்கான விடை. மேலும் நம் கையில் இருப்பது ஆங்கில அதிகாரிகள் தம் தேவைக்காகச் சுருக்கி எழுதிய வடிவம். அமிர்தியைக் கடந்து மேலேறி, சொல்லுவோர் வாயால் கேட்டால் அது எவ்வளவு விரியுமோ!

அச்சிட்ட அந்தச் சுருக்கத்திலேயே ஒரு பெரும் வெற்றிடம் கண்ணில் படுகிறது. எழுவர் போனதும் வென்றதும் இழந்ததும் தெரிகிறது. கவரப்பட்ட கன்னியர் எழுவரும் பின்னர் என்ன ஆயினர் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கணவரையோ தந்தையரையோ இழந்து, இழக்கச் செய்தவரையே மணந்த வேடர் பெண்களின் உள்ளமும் பேசப்படவில்லை. தமிழில் விந்தைப் புதினம் எழுத எண்ணும் இளைஞர் ஒருவர் எதிலிருந்து தொடங்குவது என்று என்னைக் கேட்டால், டோல்கீனின் நிலப்படங்களைக் காட்ட மாட்டேன். காஞ்சிபுரத்துத் தெருவில் ஏழு வீடுகள், விடியற்காலை, கதவைக் கால்களால் பிறாண்டும் ஓசை கேட்டு ஒரு பெண் தாழ்ப்பாளை நீக்குகிறாள், வாசலில் உடம்பெல்லாம் ஆற்றுநீர் சொட்ட ஒரு நாய் மட்டும் நிற்கிறது.