இளைப்புள்ள கைக்குழந்தைகளில் மூச்சுக்குழாய் மிகைத்தூண்டல் சோதனை: ஒரு மதிப்பீடு

மூச்சுக்குழாய் மிகைத்தூண்டல் என்பது, சிறு தூண்டலுக்கும் மூச்சுக்குழாய் அளவுக்கு மீறிச் சுருங்கும் தன்மையாகும். ஆஸ்துமாவின் முக்கிய இயல்புகளுள் இதுவும் ஒன்று. பெரியவர்களுக்கு மெத்தகோலின் அல்லது ஹிஸ்டமின் ஆவியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து, முதல் நொடியில் ஊதும் காற்றளவு 20 விழுக்காடு குறையும் அளவைக் கண்டறிவர்.

கைக்குழந்தையை "ஊது" என்றால் ஊதாது. எனவே குளோரல் ஹைட்ரேட் போன்ற மருந்தால் உறங்கவைத்து, முகமூடி பொருத்தி, மார்பைச் சுற்றிய காற்றுச் சட்டையைத் திடீரென உப்பவைத்து மூச்சை வெளியேற்றி அளக்கின்றனர். இந்த உத்தி பாராட்டுக்குரியது. ஆனால் அது தரும் விடை எவ்வளவு உறுதியானது என்பதே கேள்வி.

முதல் குறை, இளைப்பே இல்லாத நலமான குழந்தைகளின் மூச்சுக்குழாயும் இச்சோதனையில் சுருங்குகிறது. இரண்டாவது, சிறிய உடலுக்குள் செல்லும் மருந்தின் அளவைப் பெரியவர்களின் அளவோடு நேராக ஒப்பிட முடியாது. மூன்றாவது, பிறவியிலேயே குழாய் குறுகலாக இருந்தால், சிறிய சுருக்கமும் பெரிய தடையாகத் தெரியும்.

அமெரிக்காவின் டூசான் நகரில் 826 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1995இல் வெளியானது. 3 வயதுக்குள் இளைப்பு கண்டவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு 6 வயதில் இளைப்பு இல்லை. இவர்களுக்கு நோய் வருமுன்னரே நுரையீரல் செயல்திறன் குறைவாக இருந்தது. ஆகவே இளைப்பொலி ஒன்றாயினும் காரணம் ஒன்றல்ல.

சோதனை பயனற்றது என்று தள்ளிவிடவும் இயலாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வில், ஒரு மாத வயதில் காணப்பட்ட மிகைத்தூண்டலுக்கும் 6 வயதில் காணப்பட்ட ஆஸ்துமாவுக்கும் குறைந்த நுரையீரல் செயல்திறனுக்கும் தொடர்பு தெரிந்தது (2001). எனினும் அது ஒரு குழுவைப் பற்றிய உண்மை. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு மாணவரின் தேர்ச்சியைச் சொல்ல முடியாதது போல, அதைக் கொண்டு ஒரு குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

"என் குழந்தைக்கு ஆஸ்துமா வருமா?" என்பதே பெற்றோரின் கேள்வி. அதற்கு இச்சோதனை உறுதியான விடை தருவதில்லை. ஏற்கெனவே மூச்சுத் திணறும் குழந்தையை உறங்கவைத்து, குழாயைச் சுருக்கும் மருந்தைக் கொடுப்பதில் ஆபத்தும் உண்டு. பெற்றோரின் ஆஸ்துமா, குழந்தையின் தோல் கரப்பான், சளியில்லாத நாளிலும் வரும் இளைப்பு ஆகியவற்றைக் கேட்டறிவது எளிது, தீங்கும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் இச்சோதனைக்கு இடமுண்டு. அன்றாட மருத்துவத்தில் இதை நம்பி முடிவெடுப்பது பொருத்தமன்று.