உலாவும் வாவிக்கரைக் கவியும்: காதற் பொருளும் அரசதிகாரமும்

அகப்பாடலில் தலைவன் தலைவியரின் இயற்பெயர் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய மரபு. அங்குப் பெயரின்மை இருவர்க்கும் பொது; ஆதலாற் காதலும் எவர்க்கும் உரிய அனுபவமாகப் பேசப்படுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழ அவையில் இப்பொதுமைக்கு நேர்ந்தது யாது?

ஒட்டக்கூத்தர் விக்கிரமசோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் உலாப் பாடினார். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலாவிற் சிவபெருமான் வீற்றிருந்த இடத்தில் இங்கு மன்னன் வீற்றிருக்கிறான். சோழர் குலவரிசை முதலில் விரிகிறது. விக்கிரமசோழன் உலாவிலோ கருணாகரத் தொண்டைமான் முதலாகச் சிற்றரசரும் அதிகாரிகளும் பெயர் சுட்டிப் பவனியில் நிறுத்தப்படுகின்றனர். பேதை முதற் பேரிளம்பெண் ஈறான எழுபருவ மகளிர் எவர்க்கும் பெயரில்லை. அகத்தில் இருவர்க்கும் பொதுவாயிருந்த பெயரின்மை உலாவிற் பெண்ணின் மீது மாத்திரம் சுமத்தப்படுகிறது. அரசன் பெயரைப் பெற்றான். அவள் பருவத்தை மட்டுமே பெற்றாள்.

பேதையின் வயதைப் பாட்டியல் நூல்கள் பொதுவாக ஐந்து முதல் ஏழு எனக் கொள்ளும். காமம் இன்னதென அறியாச் சிறுமியும் இவ்வரிசையில் ஏன் இடம்பெற வேண்டும்? வருணனை மரபு என்று உரையாசிரியர் போல அமைதி கூறுதல் எளிது. குடிகளில் ஒருவரும் எஞ்சாது மன்னனுக்கு வசப்பட்டனர் என்று காட்டுவதே இதன் நோக்கம் என்பது என் கருத்து. இங்கே காதல் திறையாகிறது. சோழர் கல்வெட்டுகள் ‘வேளம்’ எனக் குறிக்கும் அரண்மனைப் பணிமகளிர் குடியிருப்புகளையும் இதனுடன் வைத்து நோக்கல் வேண்டும். போரிற் கவரப்பட்ட பெண்களும் அங்கு வைக்கப்பட்டதை வரலாற்றாசிரியர் தாவூத் அலி விளக்கியுள்ளார். தெருவில் மயங்கி நிற்கும் பெண்ணைப் பாடிய அவைக்கு வேளத்துப் பெண் தெரியாதவளல்லள்.

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால அவையிலும் இதையொத்த நிலை உண்டு. முதலாம் எலிசபெத்தின் அரசவையினர் காதலர் மொழியிற் பதவி வேண்டினர். அரசியைச் சிந்தியா எனப் பாடிய வால்டர் ராலே, அவருடைய பணிப்பெண் ஒருத்தியை இரகசியமாக மணந்தமைக்காக 1592இற் சிறைப்பட்டார். ஆனால் அங்குக் காதலனாக வேடம் பூண்டவன் தன் நலனுக்காகத் தானே பேசினான். கூத்தரின் மகளிர்க்கு வேண்டிப் பெறுவதற்கு யாதுமில்லை.

அத்தகைய பேரவை உருவாகாத மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்திற் காதற்பாட்டு வேறு வழிச் சென்றது. வயற்காவலிற் பாடப்பட்டு, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் வழங்கிய கவிகளில் ஆண் கேட்கிறான். பெண் மறுமொழி கூறுகிறாள், ஏசுகிறாள், நிபந்தனையும் விதிக்கிறாள். வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பாடல் மரபைக் கற்றோர் கவனத்திற்குக் கொணர்ந்தது. இவற்றைச் சங்க அகமரபின் நேரடி எச்சமெனப் போற்றுவோர் உளர். அப்போற்றுதல், பாடியவன் எவருடைய வயலைக் காத்தான் என்ற கேள்வியை மறைத்துவிடுகிறது. பெண்ணின் துணிந்த பேச்சுக்குத் தாய்வழிக் குடிமுறையும், வீடு சீதனமாக மகளைச் சேரும் வழக்கமும் எவ்வளவு ஆதாரமாயின என்பது ஆராயற்பாலது. வயல் பெரும்பாலும் போடியார் கையில் இருந்தது.