கொப்பியில் ஏறாத மருந்து

மூட்டு நோவு பிடித்த ஒருவர் திருகோணமலையில் மூன்று வாசல் ஏறுகிறார். மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் மாதக் குளிசை. பரியாரியாரிடமோ கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையிலோ எண்ணெயும் கசாயமும். நோ தாங்காத நாளில் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்குளோபினக். கரைவலை இழுத்தவருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய நாட்டாமைக்கும், வயலில் குனிந்து களை பிடுங்கியவருக்கும் அடுத்த கிளினிக் திகதி வரை முழங்கால் பொறுத்திருக்காது. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டு நாகப்பட்டினத்திலும் வாசல்கள் இவையேதான். ஆகவே இங்கிலீஷ் மருந்தா நாட்டு மருந்தா என்று இரு கரையிலும் ஓயாமல் நடக்கும் சண்டை எனக்கு வீண் சண்டையாகவே படுகிறது. நோயாளி இரண்டையும் எடுத்தாயிற்று. ஒரு வைத்தியர் கொடுத்ததை மற்றவர் அறிகிறாரா என்பதுதான் கேள்வி. அப்படி அறிவதற்கான வசதியில் பாதி தமிழ்நாட்டிடம் இருக்கிறது, மற்றப் பாதி இலங்கையிடம்.

தமிழ்நாட்டின் பாதி, பக்கத்தில் இருத்தல். அங்கே பல அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்த மருத்துவப் பிரிவு அதே வளாகத்தில் இயங்குகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகிறது. மூட்டுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் ஒரு அரசு செய்வது கடினம். ஆனால் நோயாளி கையில் இருப்பது அன்றைய ஓ.பி. சீட்டு. தெருமுனை மெடிக்கலில் கேட்டால் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த வலி மாத்திரை கிடைக்கும். இப்படிப்பட்ட கூட்டு மருந்துகளில் 344ஐ 2016இல் இந்திய அரசு தடை செய்ய முனைந்ததே அந்தச் சந்தையின் அளவைக் காட்டும். இலங்கையின் பாதி, கிளினிக் கொப்பி. ஓரம் மடிந்து, பொலித்தீன் உறை போட்டு, வருடக்கணக்காக நோயாளியோடு திரியும் அந்தக் கொப்பியில் ஒவ்வொரு வருகையும் மருந்தும் அளவும் பதிவாகும். ஆனால் சுதேச மருத்துவம் வேறு திணைக்களம், வேறு கட்டடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், கோணேசபுரியில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்பட்டும் அங்கிருந்து வெளிவரும் வைத்தியரின் மருந்து கொப்பியில் ஏறுவதில்லை.

ஏறாவிட்டால் என்ன என்று கேட்கலாம். பிரஷருக்கு லோசாட்டானும் நீர் போகும் குளிசையும் எடுப்பவர் பாமசி டைக்குளோபினக்கையும் சேர்த்தால் மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பதவி ஸ்ரீபுரம் போல, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிய பிரதேசம் ஒன்றைக் கொண்ட மாவட்டத்தில் இது சின்ன விடயமல்ல. முடக்குவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் கொடுப்பது வாரத்தில் ஒரே நாள். அதை எடுப்பவர் மதுவைத் தவிர்க்க வேண்டும், ஈரல் சோதனையும் அவசியம். அதே ஆள் புளிக்க வைத்துச் செய்யும் அரிட்டத்தைத் தினமும் குடித்தால் அதில் இயல்பாகவே ஊறிய மதுசாரமும் சேர்ந்து இறங்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வைத்தியருக்கு அந்தப் போத்தல் இருப்பதே தெரியாது.

இயற்கை மருந்துக்குப் பக்கவிளைவு இல்லை என்பார்கள். வாத நோய்க்குச் சித்த மருத்துவத்தில் பேர்பெற்ற இரசகந்தி மெழுகில் பாதரசம் சேர்கிறது; முறையாகச் சுத்தி செய்ததா என்பது கேட்க வேண்டிய கேள்வி. பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும், இரண்டே நாளில் நோ பறக்கச் செய்யும் ‘மூலிகைத் தூளில்’ ஸ்டீரொய்ட் கலந்திருக்கலாம் என்று சந்தேகிப்பது நல்லது. மறுபக்கத்தார் நாட்டு மருந்துக்கு ஆதாரமே இல்லை என்பார்கள். அதுவும் முழு உண்மையல்ல. 2014இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் முழங்கால் தேய்வுள்ள 367 பேரில் ஒரு பகுதியினருக்கு மஞ்சள் சாறும் மற்றவர்களுக்கு இபுபுரோபனும் நான்கு வாரம் கொடுத்தபோது, நோவைக் குறைப்பதில் மஞ்சள் பின்தங்கவில்லை. நான்கு வாரம் குறுகிய காலந்தான், கொடுத்ததும் கறி மஞ்சள் அல்ல, செறிவான சாறு. பிரித்தானியாவின் 2022 வழிகாட்டி மூட்டுத் தேய்வுக்கு உடற்பயிற்சியை முன்வைத்து, முழங்காலுக்குப் பூசும் மருந்தை முதலில் சொல்லி, பனடோலை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் நாலு வாளி அள்ளி வார்த்தால் விறைப்பு சற்றுத் தளரும். அது சுகம், சிகிச்சையல்ல.

தேய்வுக்குப் பொருந்துவது முடக்குவாதத்துக்குப் பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்தால் எண்ணெயோடு காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் மூட்டுக்கு நட்டம். 2006இல் சிக்குன்குனியா இரு கரையையும் ஒரே ஆண்டில் தாக்கியபோது, காய்ச்சல் விட்டும் மாதக்கணக்கில் நோ நின்று பலருக்குத் தானாகவே தணிந்தது. தணிந்த வேளையில் கையில் இருந்த மருந்து பெயர் தட்டிக்கொண்டது. எழுதி வைத்தவர்கள் இருந்திருந்தால் எது மாற்றியது, எது தற்செயல் என்று இன்று பேச முடிந்திருக்கும்.

கிளினிக்கில் நெரிசல், நாட்டு மருந்தையும் கேட்டுக் கொப்பியில் எழுத நேரமேது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. நேரத்தைவிடப் பெரிய தடை ஏச்சு. பரியாரி மருந்து குடித்ததாகச் சொன்னால் ஏச்சு விழும் என்று தெரிந்தவர் ஏன் சொல்லப் போகிறார்? கேட்பவர் சித்த மருத்துவம் படித்தவராக, தமிழ்நாட்டைப் போல அதே கட்டடத்தில் இருந்து, அதே கொப்பியின் ஒரு பக்கத்தில் எழுதுபவராக இருந்தால் பாதித் தயக்கம் தீரும். பரம்பரை வைத்தியர்கள் வீட்டு முறையை வெளியே சொல்ல மாட்டார்களே என்பது மிஞ்சும் ஆட்சேபம். அவர்களிடம் செய்முறை கேட்க வேண்டியதில்லை. பாதரசம் சேர்ந்ததா, புளிக்க வைத்ததா, எத்தனை நாளைக்கு என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால் கிளினிக் வைத்தியருக்குப் போதும்.