பங்குனி ஆமையின் தடம்

சென்னையில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை, மாசி பங்குனியில் விடியுமுன் நடப்பவர்கள் மணலைப் பார்த்து நடக்க வேண்டும். முட்டையிட்டுத் திரும்பிய பங்குனி ஆமையின் தடம் அங்கே கிடக்கும்: இடத் துடுப்பின் பள்ளம், சற்று முன்னே வலத் துடுப்பின் பள்ளம், மாறிமாறி. பின்துடுப்புகளாலேயே, திரும்பிப் பாராமல், குடம்போல் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டையிட்டு, மூடி, உடம்பால் அடித்து அடித்து மணலை இறுக்கும் அந்த வேலைப்பாடு எனக்கு அலுத்ததே இல்லை. அருகிலேயே நண்டு வளைகள். முட்டையைத் தேடி நாய்களும் மோப்பம் பிடித்து வரும். அதனால்தான் 1988 முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்தில் சேர்க்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சுகள் மணலை உதறி மேலே வரும். கரையோரத்தார் குஞ்சுகள் வரும் அந்த மாதங்களிலாவது வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் தெரியும் பக்கம்தான் அவை ஓடும்.