நடந்து செல்லும் தொலைவு

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வெளிவந்தது. என் மாணவிகள் பிறப்பதற்கு முன்பு. ஆனாலும் மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி விட்டு வீடு திரும்பும் பகுதியை நடத்தும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். பத்து நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய வழி அது. அவளுக்கோ குறைந்தது அரைமணி நேரம் ஆகும், சில நாள் ஒரு மணி நேரம்கூட. குரங்காட்டியை, பாம்பாட்டியை, மூன்று நாளாக சைக்கிளைவிட்டு இறங்காமல் சுற்றிவரும் ஆளை, கோயிலை, கருவாட்டுக் கடையை எல்லாம் நின்று பார்த்தாக வேண்டும். அப்படி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்த ஒரு நாளில்தான், தன் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப்போய் முதலாளியிடம் நீட்டுவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது.

இப்பகுதியைப் பற்றி நான் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் பொட்டலத்தைப் பற்றியே பேசின. பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த அரைமணி நேரம் இல்லையென்றால் பொட்டலம் அவள் கண்ணில் பட்டிருக்காது. சாதியை அவள் பாடமாகவும் படிக்கவில்லை, புத்திமதியாகவும் கேட்கவில்லை. தன் கால் நின்ற இடத்திலிருந்து, தன் கண்ணால், யாரும் காட்டித்தராமல் பார்த்தாள். வீடும் பள்ளியும் சேர்ந்து ஒரு பெண்குழந்தையின் பொழுதை முழுக்கப் பங்குபோட்டுக்கொண்ட பிறகு மிஞ்சும் துண்டு நேரம் அது. அந்த நேரத்தில் அவளை வேலை வாங்கவும் ஆளில்லை, பாடம் ஒப்பிக்கச் சொல்லவும் ஆளில்லை.

ஓராண்டு, பாடம் முடிந்ததும் மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். ‘பள்ளிக்கூடம் போன வழி’ என்று இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னேன். கிராமத்திலிருந்து நடந்து படித்தவர்கள் நான்கு பக்கம் எழுதினார்கள். வேனிலும் அப்பாவின் பைக்கிலும் போனவர்களுக்கு அரைப் பக்கம் தாண்டவில்லை. வேனில் யார் பக்கத்தில் யார் உட்காருவார்கள், வேன் அண்ணா என்ன பாட்டுப் போடுவார், அவ்வளவுதான். ஒரு பெண் நேர்மையாக எழுதியிருந்தாள்: பன்னிரண்டு வருடம் போன வழியில் எங்கே திரும்புவோம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

கவிதை எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் வரும் சபலம் எனக்கும் வந்தது. நடை அழிந்தது, தெரு அழிந்தது, குழந்தைமை அழிந்தது என்று ஓர் ஒப்பாரிக் கட்டுரை. மனதுக்குள் தலைப்புகூட வைத்துவிட்டேன். நான்கு பக்கம் எழுதியவர்களில் ஒருத்தியின் தாள்தான் அதை நிறுத்தியது. அதில் குருவியும் வாய்க்காலும் இல்லை. ஊர் எல்லை தாண்டியதும் வரும் ஒரு திருப்பம், அங்கே டாஸ்மாக் கடை, அதன் எதிரில் நிறுத்திய வண்டிகள்மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள், அந்த இடத்தை மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஓடிக் கடப்பது: நான்கு பக்கமும் இதுதான். கடைசியில் அக்காவைப் பற்றி இரண்டு வரி. தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவளிடம் கேட்டேன். “அக்கா எட்டாவதோட நின்னுட்டாம்மா. ஒன்பதாவதுக்கு அந்த ரோட்டுலதான் போகணும். அப்பா வேணாம்னுட்டாங்க. எங்ககிட்ட ஒரு வண்டி இருந்திருந்தா அவளும் படிச்சிருப்பா” என்றாள்.

நடை விடுதலை என்று நான் எழுத இருந்தேன். அவள் வீட்டில் நடை என்பது அக்காவின் படிப்பு நின்ற காரணம்.

அதற்குப் பிறகு பொங்கல் மலர்களில் வரும் நினைவோடைக் கட்டுரைகளை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. ஐந்து மைல் நடந்து படித்தோம், செருப்பில்லை, வழியில் புளியங்காய் அடித்தோம், கிணற்றில் குதித்தோம் என்று ஆண்கள் எழுதுவார்கள். பொய்யில்லை, நடந்திருக்கும். ஆனால் அந்த ஐந்து மைலில் கூட நடந்து வந்த தங்கை ஒருத்தி பெரும்பாலும் இருக்க மாட்டாள். அவள் எந்த வகுப்போடு நின்றாள் என்று கேட்கக் கட்டுரையாளருக்குத் தோன்றாது. அவர்களுக்கு வளர வளர வழி நீண்டது. பெண்களுக்கு ஒரு வயதில் வழி மடித்து வைக்கப்பட்டது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) நாவலில் ராபியா ஊருக்குள் கூட்டாளிகளோடு சுற்றும் பக்கங்கள் அவ்வளவு வெளிச்சமாக இருப்பதற்குக் காரணம், அது எத்தனை நாளைக்கு என்று வாசிக்கும் பெண்ணுக்கு முன்பே தெரிந்திருப்பதுதான். அந்த மடிப்பு சல்மாவின் சொந்த வாழ்க்கையிலும் விழுந்தது.

மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தையும் இப்போது வேறு மாதிரிதான் பார்க்கிறேன். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே சோடி காலணி. காலைப் பள்ளிக்குத் தங்கை ஸாரா அணிந்துபோய், முடிந்ததும் சந்துகளில் ஓடிவந்து கழற்றித் தருவாள். மதியப் பள்ளிக்கு அண்ணன் அலி மாட்டிக்கொண்டு ஓடுவான். எல்லோரும் கண்கலங்கி நினைவு வைத்திருப்பது கடைசி ஓட்டப் பந்தயத்தை. மூன்றாம் பரிசான காலணிக்காக ஓடிய அலி முதலாவதாக வந்துவிடுகிறான். அந்தப் பந்தயம் பையன்களுக்கானது. ஸாராவோ அளவில் பெரிய காலணியோடு தினமும் ஓடுகிறாள். ஒருநாள் அது கழன்று சாக்கடையில் மிதந்துபோக, அதன் பின்னாலும் ஓடுகிறாள். அவள் ஓட்டத்துக்குக் கோடும் இல்லை, பரிசும் இல்லை. மஜிதி அதை அழகாகவே எடுத்திருக்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் கதையின் உச்சம் யாருடைய காலில் வைக்கப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் நாம் அழுதுவிடுகிறோம்.

சட்டத்தில் இந்த வழிக்கு ஒரு பெயர் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்திற்கு ஒன்றிய அரசு 2010இல் வகுத்த விதிகளின்படி, ஐந்தாம் வகுப்புவரை 1 கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்புவரை 3 கிலோமீட்டருக்குள்ளும், ‘நடந்து செல்லும் தொலைவில்’ பள்ளி இருக்க வேண்டும். யார் நடந்து செல்லும் தொலைவு என்று விதி கேட்பதில்லை. 3 கிலோமீட்டர் ஒரு பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல, ஊர்த்தெருப் பெண்ணுக்கும் காலனிப் பெண்ணுக்கும் ஒன்றல்ல. எட்டாம் வகுப்போடு இந்தத் தொலைவும் தீர்ந்துவிடுகிறது. என் மாணவியின் அக்கா நின்றதும் சரியாக அதே இடத்தில்தான். பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தபோது, உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 விழுக்காடு கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பெரிய மாற்றம். அரிசியோ பணமோ கொடுத்தாலும் வீட்டில் இருந்தபடியே வாங்கிக்கொள்ளலாம். சைக்கிளை வாங்கினால் வெளியே போயாக வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பார்த்தவள். 1991-92இல் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் என் சித்தி சேலையைச் செருகிக்கொண்டு விழுந்து எழுந்தாள். பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். கிண்டலுக்குக் குறைவே இல்லை. ஒருத்தியாகப் போனால் தாங்க முடியாத கிண்டல், நாற்பது பேர் போனால் தெருவின் இரைச்சலோடு இரைச்சலாகிவிடும். அந்த ரோட்டைப் பெண்களுக்கு யாரும் பாதுகாப்பாக்கித் தரவில்லை. அவர்கள் கூட்டமாக இறங்கியதால் அது மாறியது.

நகரத்தில் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. ஒவ்வொருவரும் தன் பிள்ளையைத் தன் வண்டியில் ஏற்றித் தெருவிலிருந்து தனித்தனியாக எடுத்துவிடுகிறோம். பள்ளி வாசலில் எட்டரை மணிக்கு நிற்கும் கார்களும் ஸ்கூட்டர்களும்தான் அங்கே நடந்து வரும் சில குழந்தைகளுக்கும் ஆபத்து. அதைப் பார்த்துப் பயந்து அந்தச் சிலரின் வீட்டாரும் வண்டி வாங்குகிறார்கள். இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் சகாக்களும் கண்டது இதுதான். 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள், 1990இல் 9 விழுக்காட்டினர். சாலையில் குழந்தைகள் இறப்பது குறைந்துவிட்டது என்று பெருமைப்பட்டவர்களிடம், சாலை மாறவில்லை, குழந்தைகளைத்தான் அப்புறப்படுத்திவிட்டீர்கள் என்றார் ஹில்மன். இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. ஆண்கள் கெட்டவர்கள், ஆகவே பெண்ணே நீ உள்ளே இரு என்பதன் சாலைப் பதிப்பு.

அப்புறப்படுத்தும் வேலையை யார் செய்கிறார்கள்? எங்கள் தெருவில் பெரும்பாலும் அம்மாக்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைப் பராமரிக்கும் சம்பளமில்லா வேலையில் ஈடுபடும் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 134 நிமிடமும் ஆணுக்கு 76 நிமிடமும் போகின்றன. ஸ்கூட்டி பெண்ணுக்கு விடுதலை தந்தது என்று நானே ஒரு மேடையில் பேசியிருக்கிறேன். தந்தது. கையோடு, பிள்ளையை விடுவதும் அழைப்பதும் அவள் வேலையானது. மகளின் தெருவும் அம்மாவின் காலைப்பொழுதும் ஒரே வண்டியில் போகின்றன. “என்ன இருந்தாலும் பொம்பளப் புள்ள, நாமதானே பாத்துக்கணும்” என்று சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரிலிருந்து ஒரு தோழி சொன்னாள். அவளும் பெண்ணியம் படித்தவள்தான். மறுத்துச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என் பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

அவள் ஏழாம் வகுப்பு. பள்ளி எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆறு வருடம் கொண்டுபோய் விட்டேன். இந்த ஜூனில், அதே தெருவின் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளின் வீட்டில் பேசி, மூவரையும் சேர்ந்து நடக்கவிட்டோம். ஒரு வீட்டில் பாட்டி இன்னும் சம்மதிக்கவில்லை, சம்மதித்ததுபோல் இருக்கிறார். முதல் வாரம் நான் கொஞ்ச தூரம் தள்ளிப் பின்னால் போனேன். அது அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் நாலரைக்கு வர வேண்டியவள் ஐந்தாகியும் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். தெருமுனையில் தெரிந்தாள், அவசரமே இல்லாமல். “எங்கடி போன இவ்வளவு நேரம்?” என் அம்மாவின் அதே குரல். அவள் பையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். “மீன்கார அக்கா ஒரு பெரிய மீனை வெட்டிக்கிட்டு இருந்தாங்கம்மா. அது வயித்துக்குள்ள இன்னொரு மீன் முழுசா இருந்துச்சு.”