‘கரிப்பு மணிகள்’ புதினமும் மரக்காணம் உப்பளமும்: வகுப்பறை வாசிப்பில் களப்பயிற்சியின் இடம்

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ (1979) தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வைக் களஆய்வின் வழிப் புனைந்த புதினமாகும். விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளில் இதனைக் கற்பிக்குமிடத்து, அதே மாவட்டத்து மரக்காணம் உப்பளம் இயல்பான பயிற்சிக்களமாக அமையும்.

உவர்நீரைப் பாத்தியில் தேக்குதல், வெயிலில் உப்பு விளைதல், வாருதல், குவித்தல் ஆகியவற்றை நேரிற் காணும் மாணவருக்குப் புதினத்தின் தொழிற்சொற்கள் தெளிவாகின்றன. எனினும், களம் எளிதில் காட்டாதவற்றையே புதினம் பேசுகிறது. ஒரு முற்பகலில் கண்ணுக்குத் தெரிவது வெண்குவியல். உப்புநீரில் புண்ணாகும் கால்கள், வெண்ணொளியில் மங்கும் பார்வை, குறைகூலி, பொன்னாச்சி போன்ற பெண்கள் எதிர்கொள்ளும் பாலியல் அச்சுறுத்தல் ஆகியன வாசிப்பின்வழியே புலனாகின்றன.

ஆகவே, களப்பயணத்தைப் புதினத்தின் விளக்கப்படமாகக் குறுக்குதல் பொருந்தாது. வாசிப்பு, களம், மறுவாசிப்பு என்னும் வரிசையே ஏற்புடையது. மாணவர் உப்பு வாரிப் பார்ப்பதோடு, கூலி, பணிநாள், மழைக்கால வேலையின்மை குறித்துத் தொழிலாளரிடம் கேட்டறிந்து, தூத்துக்குடிப் புனைவோடு ஒப்பிடவேண்டும். இரண்டும் வேறுபடுமிடத்தில் திறனாய்வு தொடங்குகிறது. அளத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருக்கக்கூடும். களப்பயணம் வேடிக்கையாக முடிந்தால் அவர்தம் குடும்ப உழைப்பே காட்சிப்பொருளாகிவிடும். ஒப்பீடாக வளர்ந்தால் அவர்தம் அறிவு பாடத்தின் சான்றாகும்.