‘மேய்ப்பன்’ என்னும் நூலும் மறுமுறை மனந்திரும்புதலும்

கிறித்தவரின் பழைய நூல்களுள் ‘மேய்ப்பன்’ என்பது ஒன்று. இரண்டாம் நூற்றாண்டில் உரோமை நகரில் ஹெர்மாஸ் என்பவராற் கிரேக்கமொழியிற் செய்யப்பட்டது. 5 காட்சியும் 12 கட்டளையும் 10 உவமையும் உடையது. விவிலியத் தொகுதியுட் சேராதொழியினும், நான்காம் நூற்றாண்டினதாகிய சினாய் ஏட்டிற் புதிய ஏற்பாட்டின் பின் வைத்தெழுதப்பட்ட பெருமை இதற்குண்டு.

ஞானஸ்நானம் பெற்றபின் பாவஞ் செய்தார்க்கு உய்தி உண்டோ என்பதே இந்நூலின் வினா. நீரில் மூழ்கிய அந்நாட் கிடைத்த மன்னிப்பன்றி வேறில்லை என்பாரும் அக்காலத்திருந்தனர். நான்காங் கட்டளையில் மேய்ப்பன் அக்கூற்றை மறாதேற்று, எனினும் இறைவன் மக்களின் மெலிவறிந்து இன்னும் ஒருமுறை மனந்திரும்ப இடம்வைத்தான் என்கிறான். மீட்டும் மீட்டும் வழுக்குவார்க்கு அஃது உதவாது.

இவ்வெண் எங்ஙனம் பிறந்தது? நீரின்மேற் கட்டப்படும் கோபுரமொன்று நூலிற் பேசப்படுகின்றது. அது சபை. கட்டி முடியுமுன் திரும்பாதார்க்கு அதில் இடமில்லை. உலகின் முடிவு அணித்தென்று கருதிய அந்நாளில், ‘ஒருமுறை’ என்பது காலத்திற்கிட்ட அளவேயன்றி அருளுக்கிட்ட அளவன்று. பின்வந்தோர் காலத்தை மறந்து எண்ணை மட்டும் பற்றினர். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியனார் முதலில் அவ்வொருமுறையை ஒப்பினார். மொந்தானியர் நெறி சார்ந்தபின், இந்நூல் விபசாரிகட்குத் துணைபோவதென இகழ்ந்தார்.

ஹெர்மாஸ் சொல்வன்மையுடையாரல்லர், ஒன்றையே பலகாற் கூறுவர். ஆயினும் எட்டாம் உவமை ஒன்றே அவர்க்குப் புகழ் தரப் போதும். ஆற்றுப்பாலை இனத்து மரமொன்றின் கொம்புகள் அடியார்க்குக் கொடுக்கப்படுகின்றன. பலர் அவற்றை உலர்ந்தனவாகத் திருப்பித் தருகின்றனர். அவற்றை எரியிலிடாது மேய்ப்பன் மண்ணில் நடுகின்றான். கொம்புகள் கண்ணிற்படாதவாறு நீர் பெருகவிடுகின்றான். உலர்ந்தவை எங்ஙனம் பிழைக்கும் என வினவிய ஹெர்மாசுக்கு, இம்மரம் உயிர்வாழ விழைவது, சிறிது ஈரம் பெறினும் பல தளிர்க்கும் என்பது விடை. சின்னாட் கழித்துப் பார்க்கப் பல தளிர்த்தன, சில தளிர்த்தில.

இவ்வுவமையின்முன் கட்டளையின் எண் நிற்குமோ? மனந்திரும்புதலையே இறைவன் ஈந்தான் என ஆண்டுக் கூறப்படுகின்றது. ஈவான் அவனாயின், ஈகையை எண்ணி நிறுத்துவார் யார்? அற்றேல், வஞ்சகர்க்கு ஈந்திலன் என்றும் அங்கே உளதாலோவெனின், ஆண்டு விலக்கப்பட்டது வஞ்சமேயன்றி இரண்டாம் வீழ்ச்சியன்று என்க. நூலாசிரியர் தம் உவமையின் ஆழத்தைத் தாமே முற்ற அளந்திலர் போலும்.

கி.பி. 250இல் டேசியுஸ் பேரரசன் ஆணைக்கஞ்சித் தேவர்க்குப் பலியிட்ட கிறித்தவர் மீண்டும் சபையை நாடியபோது, இவ்வழக்கு ஏட்டளவில் நில்லாதாயிற்று. அவரை ஏற்றல் ஆகாதென நொவாத்தியனார் 251இற் பிரிந்தார். 325இல் நீசேயா மன்றம், நொவாத்தியன் சார்பினர் மீளுங்கால் வீழ்ந்தாரோடு கூடியிருக்க உடன்படல் வேண்டுமென விதித்தது. இறக்குந் தறுவாயினர்க்கு இறுதி நற்கருணையை மறுத்தலாகாதென்றும் விதித்தது. ஆயினும் எண் எளிதில் மாயவில்லை. 589இல் தொலேதோ மன்றம் பாவஞ் செய்யுந்தோறும் மன்னிப்பு வேண்டுவாரைக் கடிந்தது. 1215இல் உரோமையிற் கூடிய நான்காம் இலாத்தரன் மன்றமோ, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனஞ் செய்தல் வயதுவந்தார் எல்லார்க்குங் கடனென்றது.